ஒழிபளவையும் ஒரு பழைய லாரியும்

சிவஞான சித்தியாரின் முகப்பில் அருணந்தி சிவாசாரியர் அளவையிலக்கணங் கூறியிருத்தலை நம்மிற் பலரும் விரைந்து கடந்து செல்கின்றோம். பதியின் பெருமையையும் திருவருளின் திறத்தையும் அறிய விழைந்து நூலைக் கையிலெடுத்தார்க்குக் காண்டல், கருதல், உரை என்னும் பாகுபாடும், பக்கம், சபக்கம், விபக்கம் என்னும் பெயர்களும், போலிகளின் தொகையும் வாயிலில் நிறுத்திவைத்த காவலாளர் போலத் தோன்றுதல் இயல்பே. யானும் இருபது ஆண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவன். அளவையை உள்ளபடி அறியாமையால் ஓர் அடியாரைப் பழித்துத் தீவினை தேடிக்கொண்ட பின்னரே, அப்பகுதியை மீண்டும் எடுத்து அமைந்திருந்து பயின்றேன். அந்நிகழ்ச்சியை மறையாது ஈண்டு எழுதுகின்றேன். இதன்கண் லாரியும் பிரேக்கும் கார்புரேட்டரும் மிகுதியாக வரும், அன்பர்கள் பொறுத்தருள்க.

வண்டியை உடம்பென்றும், ஓட்டுநனை உயிரென்றும், பாதையை வினையென்றும் உருவகஞ் செய்தற்கு எழுந்ததன்று இக்கட்டுரை. அத்தகைய உருவகங்கள் மேடைகளிற் கேட்டுக் கேட்டுச் சலித்தவை. யான் சொல்ல வந்தது லாரியின் பழுதொன்றை ஆராய்ந்த முறையையும், அவ்வாராய்ச்சி பிழைத்த இடத்தையுமே.

எங்கள் உழவாரப்பணிக் கூட்டத்தார்க்கு ஒரு பழைய பெட்ரோல் லாரி உண்டு. 1950 ஐ அடுத்த ஆண்டுகளில் வெளிநாட்டிற் செய்யப்பெற்று, பல கைகள் மாறி, ஈற்றில் அன்பர் ஒருவரால் எங்கட்கு அளிக்கப்பெற்றது. மண்வெட்டி, கடப்பாரை, உழவாரப்படை, ஏணி, தண்ணீர்ப் பீப்பாய் ஆகியவற்றை ஏற்றிச் செல்வது அதன் தொண்டு; அன்பர்கள் பேருந்திற் பின்னே வருவர். அதனைப் பதினொரு ஆண்டுகளாக ஓட்டி வந்தவர், நாள் தவறாது திருநீறு பூசி, வண்டியின் முன் ஒரு வேளையேனும் நின்று கைகூப்பிய பின்னரே ஏறும் இயல்பினர், பேச்சுக் குறைந்தவர்.

2025 ஆம் ஆண்டு கார்த்திகையிற் கொல்லிமலை அறப்பளீசுரர் திருக்கோயிலுக்குப் பணிக்குச் செல்வதென்று, திருக்கோயிலாரின் இசைவு பெற்று, முடிவு செய்திருந்தோம். வைப்புத் தலங்களுள் ஒன்றாக எண்ணப்பெறும் அத்தலத்திற்குக் காரவல்லியினின்று ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஏறுவதற்கு எஞ்சினும் இறங்குவதற்குப் பிரேக்கும் செவ்வனே இருந்தாலன்றி அவ்வழியிற் பாரவண்டியைச் செலுத்துதல் உயிரோடு விளையாடுதலேயாம். ஐப்பசியிலோ, அவ்விரண்டும் ஒருங்கே பழுதுபட்டன.

எஞ்சினின் நோய் இது. நின்றபடி மெல்ல ஓடும்போது திணறும், மிஸ் அடிக்கும், சில வேளை நின்றுபோம். விரைவாக ஓட்டினால் ஒருவாறு தெளியும். புகைக்குழாயின் வழியே அவ்வப்போது வெண்புகை எழும். பிரேக்கின் நோய் வேறு. ஒருநாள் மிதி கல்லைப் போல இறுகியிருக்கும். காலின் வலிமையெல்லாம் கொடுத்து அழுத்தினாலும் வண்டி தயங்கியே நிற்கும். மற்றொருநாள் மிதி தரைவரையிற் சென்றுவிடும். பார்த்தால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கும். ஊற்றினால் மீண்டும் இறுகும். ஒரு திங்களில் அரை லிட்டர் டப்பாக்கள் நான்கு தீர்ந்தன.

இரண்டு நோய்க்கும் இரண்டு மருத்துவரை நாடினோம். கார்புரேட்டரில் வல்லவர் அதனை மும்முறை கழற்றினார்; ஜெட்டுகளைக் காற்றடித்துத் தூய்மை செய்தார்; மிதவையின் அளவைத் திருத்தினார்; நீடில் வால்வைப் புதுக்கினார்; ஐட்லிங் திருகைத் திருப்பிப் பெட்ரோலை மிகுவித்தார். ஈற்றில், இக்காலப் பெட்ரோலிலே நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கப்படுதலின் பழைய வண்டிகள் இவ்வாறுதான் திணறும் என்று கூறி அமைந்தார். அக்கூற்று முழுதும் பொய்யன்று. எத்தனால் பழைய ரப்பர் உறுப்புக்களைக் கெடுப்பதும், எரிகலவையைச் சற்றே மெலிவிப்பதும் உண்மையே. உண்மையான காரணம் ஒன்று பக்கத்திலிருப்பின், அதுவே இவ்விடத்துக் காரணமென்று கொள்ளுதல் எத்துணை எளிது! பிரேக்கில் வல்லவரோ மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களையும், சக்கரங்களின் லைனிங்கையும் மாற்றினார். எண்ணெய் குறைவது நின்றபாடில்லை.

அப்பொழுது ஓட்டுநர் என்னிடம் வந்து, “ஐயா, பிரேக்கை மிதிக்கிறபோது எஞ்சினும் சேர்ந்து திணறுகிறது. மிதித்து விட்ட பின்பு வெள்ளைப்புகை கூடுதலாக வருகிறது” என்றார். யான், “பிரேக் வேறு, எஞ்சின் வேறு, இரண்டையும் குழப்பாதீர்” என்று கூறி அவரை அனுப்பிவிட்டேன். இச்சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

பின்னர் யானே ஆராயப் புகுந்தேன். அளவைகளைச் சிலர் ஆறென்றும் சிலர் பத்தென்றும் விரித்தனர். சித்தாந்திகள் அவற்றை மூன்றனுள் அடக்குவர். விரித்த பத்தனுள் ஒழிபளவை ஒன்று. பாரிசேடம் எனவும் பெறும். ஒரு பொருட்குக் காரணமாதற்குரியனவற்றையெல்லாம் நிறுத்தி, ஆகாதனவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதனைக் கொள்ளுதல் என்க. யானும் அவ்வாறே செய்தேன். மாஸ்டர் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தேன், ஈரமில்லை. இரும்புக் குழாய்களைக் கையால் தடவினேன், ஈரமில்லை. ரப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்த்தேன், வெடிப்பில்லை. நான்கு டிரம்முகளையும் கழற்றச் செய்தேன். உள்ளே உலர்ந்த தூசியே. பூஸ்டர் என்னும் பெரிய தகரக்கலம் அடியில் இருந்தது; அதன் புறமும் புழுதி படிந்து உலர்ந்தேயிருந்தது. இரவு முழுதும் வண்டியின்கீழ்க் காகிதம் விரித்துவைத்தேன். காலையில் ஒரு துளியும் இல்லை. எனவே வண்டியிற் கசிவு இல்லையென்று துணிந்தேன். கசிவு இல்லையாயின் எண்ணெய் ஊற்றப்படவேயில்லை. டப்பாக்கள் வேறு வழியிற் போயின. அவ்வழி அறிவார் ஓட்டுநர். எஞ்சியது அவரொருவரே!

“வண்டியில் ஒரு துளி ஈரம் இல்லை. டப்பா மட்டும் தீர்கிறது. எண்ணெய் எங்கே போகிறதென்று வண்டியைக் கேட்பதா, உம்மைக் கேட்பதா?” என்றேன். அன்பர்கள் மூவர் உடனிருந்தனர். அவர் சிறிது நேரம் என் முகத்தையே நோக்கி நின்றார். பின்பு சாவியை என் முன்னிருந்த பலகைமேல் வைத்து, “வேறு ஆளை வைத்து மலை இறங்கிவிடாதீர்கள், ஐயா. வண்டியை முதலில் பாருங்கள்” என்று கூறிப் போயினார்.

அடுத்த நாட்களில் வேறோர் ஓட்டுநரைத் தேடினேன் என்பதை ஒளித்தற்கில்லை. அவர் கிடைத்திருப்பின் வண்டி அந்நிலையிலேயே மலை ஏறியிருக்கும். கிடைத்திலர். அதனால், பழைய லாரிகளை மட்டுமே பார்க்கும் இசுலாமிய முதியவர் ஒருவரிடம் வண்டியை இழுத்துச் சென்றோம். அப்பேட்டையார் அனைவரும் அவரைப் பாய் என்றே அழைப்பர்.

அவர் எதனையும் உடனே கழற்றவில்லை. எஞ்சினை ஓடச்செய்து செவிசாய்த்து நின்றார். பின்னர் என்னை ஏறிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன், எஞ்சினின் ஓசை தாழ்ந்து துடித்தது. விடச் சொன்னார், விட்டேன். பின்புறம் வெண்புகை எழுந்தது. “தண்ணீர் குறைகிறதா?” என்று வினாவினார். ரேடியேட்டரில் நீர் குறையவில்லை என்றேன். எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை மிதித்து, பின்பு மிதித்தபடியே மீண்டும் ஓடச்செய்யுமாறு பணித்தார். பூஸ்டர் நன்னிலையிலிருப்பின் அப்பொழுது மிதி சற்றே கீழிறங்குதல் வேண்டுமாம். அஃது இறங்கவில்லை. இறுதியாக, எஞ்சினுக்கும் பூஸ்டருக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயை இடுக்கியால் இறுக நெரித்தார். திங்கட்கணக்காகத் திணறிய எஞ்சின், முன்பு மிகுவித்த பெட்ரோலாற் சற்றே கனத்ததாயினும், தடுமாற்றமின்றிச் சீராக ஓடியது!

“கார்புரேட்டர்க்காரர் பிரேக்கைப் பார்க்கவில்லை, பிரேக்காரர் கார்புரேட்டரைப் பார்க்கவில்லை. நடுவில் இந்தக் குழாயை யாரும் பார்க்கவில்லை” என்று கூறி, எஞ்சினை நிறுத்தி அக்குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார். அதனுள்ளிருந்து பிரேக் எண்ணெய் ஒழுகி என் காலடியிற் சொட்டியது.

பொறியியல் அறியாத அன்பர் பொருட்டு இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுட் செல்கின்றன. எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது செம்மையான எரிவுக்குரிய அளவு. எஞ்சின் மெல்ல ஓடும்போது காற்று வரும் கதவு ஏறத்தாழ மூடியிருத்தலின், அதற்கப்பால் மேனிபோல்டு என்னும் குழாயில் உறிஞ்சும் விசை மிக வலிதாக இருக்கும். அவ்விசையையே ஒரு குழாயின் வழி எடுத்துப் பிரேக்குக்குத் துணைவலியாக்குவது பூஸ்டர். அக்கலத்தினுள் ஒரு மெல்லிய தகடு. அதன் ஒருபுறம் உறிஞ்சப்பட, மறுபுறம் வெளிக்காற்று தள்ள, அத்தள்ளுதல் ஒரு கோலின் வழியே பிரேக் எண்ணெயை அழுத்தும். எண்ணெய் இருக்கும் அறைக்கும் உறிஞ்சும் அறைக்கும் இடையே காவலாக நிற்பது ஒரு சிறு ரப்பர் வளையமே.

அவ்வளையம் தேய்ந்தது. எண்ணெய் உட்புகுந்தது, உறிஞ்சும் விசை அதனை இழுத்தது, எஞ்சின் அதனைப் பெட்ரோலோடு சேர்த்து எரித்து வெண்புகையாக்கியது. தகட்டிலும் வெடிப்பு உண்டாகவே, அதன் வழியே அளவில் அடங்காத காற்று எஞ்சினுட் புகுந்து கலவையை மெலிவித்தது. மெல்ல ஓடும்போது வேண்டும் காற்றே சிறிதாகலின் அத்திருட்டுக்காற்று பெரிதாய்த் திணறச் செய்தது. விரைவாக ஓடுங்கால் வேண்டும் காற்று மிகுதலின் அது சிறிதாய் ஒடுங்கியது. துணைவலி அற்றமையால் மிதி இறுகியது. எண்ணெய் குறைந்தபோது அதுவே தரையைத் தொட்டது. இவையனைத்தும் ஒரே கலத்தின் பழுது. அதனைப் புறத்தே தடவிப் பார்த்து, “உலர்ந்துள்ளது” என்று கழித்தவன் யான்.

அன்றிரவு சித்தியாரை எடுத்து வைத்துக்கொண்டேன். பகலில் உண்ணாதான் பருத்திருப்பின் இரவில் உண்கின்றான் என்று கொள்ளுதலைப் பொருளென்னும் அளவைக்கு உதாரணமாகச் சிறுவரும் அறிவர். வெளியே ஒழுகாத எண்ணெய் குறையுமாயின் உள்ளே ஒழுகுகின்றது என்பது அதனினும் எளிதன்றோ? பகலுண்ணாப் பருத்தவனாகிய எஞ்சின், இரவில் உண்டது பிரேக் எண்ணெயை! அதனை விடுத்து, பருத்தவனுக்குச் சோறிட்டவனைக் கள்வனென்றேன்.

என் பிழை எவ்விடத்தது என்று நெடிது எண்ணினேன். ஒழிபளவை பொய்யன்று. கழித்தவற்றை யான் சோம்பலாற் கழிக்கவுமில்லை. கழித்தற்கு நிறுத்திய நிரையே குறைந்த நிரை. எண்ணெய் வெளியேறும் வாயில்களை மட்டும் எண்ணி, உட்செல்லும் வாயிலை எண்ணாதொழிந்தேன். குறைந்த நிரையினின்று கழிப்பவனுக்கு எஞ்சுவது உண்மையன்று. அவன் முன்னரே ஐயுற்றிருந்தது எதுவோ அதுவே. யான் டப்பாக்களை எண்ணத் தொடங்கிய நாளிலேயே ஓட்டுநரை ஐயுற்றுவிட்டேன். ஆராய்ச்சியெல்லாம் அதன்பின் எழுந்த சடங்கு.

மெய்கண்ட தேவர் செய்கையை ஈண்டு நோக்குக. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் உயிர் உண்டென்று நாட்டுங்கால், சூனியமே என்பார், உடம்பே என்பார், ஐம்பொறியே என்பார், நுண்ணுடம்பே என்பார், பிராணனே என்பார் முதலிய ஒவ்வொருவர்க்கும் தனித்தனி ஏதுக் கூறி விலக்குகின்றார். அவ்வளவில் அமைந்தாரோ எனின், இல்லை. அந்தக்கரணமே உயிராகாதோ என்னும் ஐயம் எஞ்சுமாகலின், அதற்கெனவே நான்காஞ் சூத்திரம் எழுந்தது. இத்துணை நாளும் அவ்விடத்தை, ‘முன்னரே முடிந்ததை மீண்டும் ஏன் கூறினார்?’ என்று வினாவி வந்தவன் யான். ரப்பர்க் குழாயிலிருந்து எண்ணெய் சொட்டியதைக் கண்ட பின்னர் அவ்வினா எனக்கு எழுவதில்லை.

காணாமையை ஏதுவாகக் கொண்ட பிழையும் உண்டு. அனுபலத்தி ஏது என்பது, காணத்தக்க இடத்துக் காணாமையால் இன்மையைத் துணிவது. பனியின்மையாற் குளிரின்மையைத் துணிபவன் வெளியில் நிற்றல் வேண்டும். கதவடைத்த அறையினுள் நின்று கூறுவானாயின் யார் கொள்வர்? மூடிய கலத்தின் புறத்தைத் தடவி அதன் அகத்தில் ஈரமில்லையென்ற என் துணிபு அத்தகையதே.

மூன்றாவது ஒன்றை எழுதக் கை கூசுகின்றது. சித்தாந்தத்தில் உரையளவை என்பது மலமற்ற முதல்வனின் ஆகம மொழியையே சிறப்பாகக் குறிக்கும் என்பதை அறிவேன். ஓட்டுநன் சொல்லை அதனோடு ஒப்புவைக்கத் துணியேன். ஆயினும் உலக வழக்கிலே, ஒரு பொருளோடு நெடுநாட் பழகி, அதனிற் பொய்கூறிப் பெறும் பயனில்லாதான் சொல்லைக் கேட்டு நடத்தல் அறிவுடையார் செயலன்றோ? நாள்தோறும் அம்மிதியிற் கால்வைத்தவர் அவரே. மிதிக்கும்போது எஞ்சின் திணறுகிறதென்றும், விட்டபின் புகை மிகுகிறதென்றும் அவர் கூறிய இரண்டு தொடரிலேயே நோய் முழுதும் அடங்கியிருந்தது. பாய் என்னை மிதிக்கச்செய்து கண்டது அதனையே. பிரேக் வேறு, எஞ்சின் வேறு என்று யான் கூறியதற்கு அளவை எது? காண்டலன்று, கருதலன்று, கற்றவன் என்னும் செருக்கே.

பூஸ்டரைப் பிரித்து வளையமும் தகடும் மாற்றினர். பழைய எண்ணெய் முழுதையும் கழித்தனர். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். நீர் கலந்து பழகியதாயின் 140 பாகையிலும் கொதிக்கலாம். மலையிறக்கத்திற் காய்ந்த பிரேக்கில் அது கொதித்து ஆவியாயின், மிதி வெறுங்காற்றை மிதிப்பது போலாம். குழாய்களிலுள்ள காற்று முற்றும் நீங்க, பூஸ்டரில் தொடங்கிச் சக்கரந்தோறும் பிளீடிங் செய்தனர். ஈற்றில், அவரவர் திருப்பி வைத்திருந்த கார்புரேட்டர்த் திருகைப் பாய் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். அதற்கு அவர்க்கு ஆன நேரம் வெற்றிலை மடிக்கும் நேரமே.

மறுநாட் காலை, முன்பு உடனிருந்த அன்பர் மூவரையும் அழைத்துக்கொண்டு ஓட்டுநர் வீட்டிற்குச் சென்றேன். தனித்துச் சென்று மன்னிப்புக் கேட்டல் எளிது. பலர் முன் கூறிய பழியைப் பலர் முன்னரே மீட்டல் வேண்டும். திண்ணையில் நின்றபடியே, “எண்ணெய் கிடைத்துவிட்டது; பழி என்னுடையது” என்றேன். அவர் பழியைப் பற்றி ஒன்றும் வினாவவில்லை. “எங்கே போயிற்று, ஐயா?” என்றார். பூஸ்டரையும் குழாயையும் பற்றிக் கூறினேன். “அப்படியானால் அந்த வெள்ளைப்புகை…” என்று தொடங்கி, தொடரை முடியாமல் தலையசைத்தார். அவர் மனைவியார் எங்களை உட்காரச் சொல்லவில்லை, அது தக்கதே.

கார்த்திகையிற் சென்றோம். அறப்பளீசுரர் திருக்கோயிலிற் பணிமுடித்து மீளுங்கால், இரண்டாங் கியரிலேயே எஞ்சினால் வண்டியைத் தாங்கி, வேண்டிய இடத்து மட்டும் மிதியைத் தொட்டு, 70 வளைவையும் அவர் இறக்கினார். யான் அருகில் அமர்ந்திருந்தேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. காரவல்லியிற் சேர்ந்ததும் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்து, “நீங்களே பாருங்கள், ஐயா” என்றார்.

குனிந்து பார்த்தேன். காலையில் ஊற்றிய அளவிலேயே இருந்தது.